இனிஷியல் டி: வண்டி உண்மை, சாலைதான் பொய்

கேள்வி கேட்ட தம்பி பாலக்கோட்டுக்காரர். விடியற்காலையில் அப்பாவின் ஆம்னியில் தக்காளி கிரேடு ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். ‘இனிஷியல் டி’ என்ற ஜப்பானியக் கார் ரேஸ் அனிமேஷன் தொடரின் முதல் பாகத்தைப் பார்த்து முடித்துவிட்டு நான்கு விஷயம் கேட்டிருக்கிறார்: இந்தத் தொடரை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள், இதில் என்ன குறை, அதில் ஓட்டுவதுபோல நிஜத்தில் ஓட்ட முடியுமா, இரண்டாம் பாகம் பார்க்கலாமா. கூடவே போகிற போக்கில் ஒரு வரி. நண்பர்கள் ஒரு ராத்திரி தருமபுரிக்குப் பக்கத்து வத்தல்மலையில் ஏறி இறங்கிப் பார்க்கலாம் என்கிறார்களாம், ஆம்னியும் அதில் வரும் காரைப்போலப் பின்சக்கரம் தள்ளுகிற ரியர் வீல் டிரைவ்தானே என்று. எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் படுகிறது. தினமும் இருட்டோடு எழுந்து லோடு அடிக்கிற ஒரு பையன், அதே வேலையைச் செய்கிற இன்னொரு பையனைத் திரையில் பார்த்திருக்கிறார். அவனுக்கு வந்த கை எனக்கும் வருமா என்று கேட்கிறார். அதனால் தொடரைப் பற்றியும் ஓட்டுவதைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தவன். தருமபுரியில் பல வருடங்களாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், அதிகம் பார்ப்பது பிரேக், சஸ்பென்ஷன் வேலை. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் தீய்ந்துபோன வண்டிகளை நிறையக் கழற்றியிருக்கிறேன். ரேஸ் ஓட்டியவன் இல்லை, ஜப்பான் போனதும் இல்லை. ஆகவே வண்டிக்கு அடியில் என்ன நடக்கும் என்பதில் என் பேச்சை நம்பலாம். ரேஸ்காரனின் மனசுக்குள் என்ன நடக்கும் என்பதில் நான் வெறும் பார்வையாளன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஷூயிச்சி ஷிகெனோ 1995 முதல் 2013 வரை எழுதி வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை இது, மொத்தம் 48 தொகுதிகள். அனிமேஷனாக முதல் பாகம் 1998-இல் 26 அத்தியாயங்களாக வந்தது. ஃபூஜிவாரா தக்குமி பள்ளிக்கூடம் படிக்கிற பையன், பெட்ரோல் பங்க்கில் பகுதிநேர வேலை. அப்பா தோஃபு, அதாவது பனீர் மாதிரியான சோயா கட்டி, விற்கிற கடை வைத்திருக்கிறார். மலை மேலே ஏரிக்கரையில் இருக்கும் ஓட்டல்களுக்கு விடிவதற்குள் தோஃபு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது தக்குமியின் வேலை. ஐந்து வருடமாகச் செய்கிறான், அதாவது லைசென்ஸ் எடுக்கும் வயதுக்கு வெகு முன்பிருந்தே. மலையின் பெயர் கதையில் அக்கினா, நிஜத்தில் அது குன்மா மாகாணத்தில் உள்ள ஹருணா மலை. வண்டி 1980-களின் டொயோட்டா ஸ்ப்ரிண்டர் ட்ருவேனோ. ரசிகர்கள் ஏ.இ.86 என்றோ வெறுமனே 86 என்றோ சொல்வார்கள். தான் ஓட்டுகிற வண்டிக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தக்குமிக்குத் தெரியாது. முதல் அத்தியாயத்திலேயே, பக்கத்து மலையில் பெயரெடுத்த ஒருவனின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7-ஐ அந்தப் பழைய வண்டி வளைவில் முந்திக்கொண்டு போய்விடுகிறது. தோற்றவனுக்கு அது ஏதோ பேய் வண்டி மாதிரி இருக்கிறது. ஓட்டினவனுக்கோ தூக்கக் கலக்கம், சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்.

தொடரின் ஈர்ப்பு முழுக்க இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ரேஸ் கதை என்றால் நாயகனுக்கு வெறி இருக்க வேண்டும், லட்சியம் இருக்க வேண்டும், அப்பாவைக் கொன்ற வில்லன் இருந்தால் இன்னும் நல்லது. தக்குமிக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு இது சலித்துப்போன வேலை. சலிப்போடு ஒரே சாலையில் ஆயிரம் தடவை போய்வந்ததில் கை தானாகப் பழகிவிட்டது. பயிற்சி எடுக்கிறோம் என்று தெரியாமலே பயிற்சி எடுத்தவன் அவன். நம் ஊரில் இப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு. கிரானைட் கல் ஏற்றின டாரஸை ஒற்றைக் கையால் ரிவர்ஸ் எடுத்து இரண்டு வண்டிக்கு நடுவில் செருகுகிற டிரைவரிடம் எப்படி அண்ணா என்று கேட்டுப் பாருங்கள், அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்தத் திறமைக்கு மரியாதை கொடுத்து, வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் வாய்பிளக்கிற மாதிரி காட்டியதுதான் ஷிகெனோ செய்த பெரிய காரியம்.

இரண்டாவது ஈர்ப்பு, தொடர் வண்டியை மந்திரப் பொருளாகக் காட்டாமல் இயந்திரமாகக் காட்டுகிறது. அந்த 86-இன் எஞ்சின் 1.6 லிட்டர், 130 குதிரைத்திறன் கணக்கு. எதிரே வருகிற நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் 2.6 லிட்டர் இரட்டை டர்போ, 280 குதிரைத்திறன், நான்கு சக்கரமும் இழுக்கும். காகிதத்தில் இது போட்டியே இல்லை. ஆனால் 86-இன் எடை சுமார் 940 கிலோ, ஜிடி-ஆர் 1,400 கிலோவுக்கும் மேலே. மேடு ஏறும்போது எஞ்சின் பலம் பேசும். இறக்கத்தில் வண்டியைத் தள்ளுகிற வேலையைப் பூமியே பார்த்துக்கொள்கிறது, அதனால் பலத்தின் மதிப்பு குறைந்து, எடையை அடக்குகிற வேலை பெரிதாகிவிடும். கனமான வண்டிக்கு ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கும் முன் டயரும் அதிகம் உழைக்க வேண்டும். நாலைந்து வளைவுக்கு அப்புறம் முன் டயர் சூடேறிப் பிடி குறைந்து, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். தக்குமியோடு மோதும் நக்கஸாத்தோ என்பவன் ஜிடி-ஆரில் தோற்கிற அத்தியாயம் கிட்டத்தட்ட இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. இது உறுதியாகவே சரி. டிரிஃப்ட்டில், அதாவது பின்பக்கத்தை வீசி வண்டியைக் குறுக்கே நழுவவிட்டு வளைவில் ஓட்டுவதில், உலகப் பெயர் பெற்ற கெய்யிச்சி ட்ஸுச்சியா இந்தத் தொடருக்கு ஆலோசகராக இருந்தவர், அவர் கை பட்டது தெரிகிறது.

வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தினால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், அந்த நொடியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் வெளியே வீசும் என்று தொடரில் விளக்குகிறார்கள் அல்லவா, அதுவும் சரி. குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக்கொண்டே நுனிக்காலால் பிரேக் பிடித்துக் கியர் இறக்குகிறார்களே, அதுவும் சரி. தம்பி, அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் பழைய லேலண்ட் ஓட்டின பெரியவர் யாராவது இருந்தால், டபுள் கிளட்ச் போடுவது எப்படி என்று கேளுங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சின் சுற்றை ஏற்றி, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரில் போடுவார்கள். செய்யாவிட்டால் கியர் விழாது, கறகறவென்று கத்தும். எஞ்சின் சுற்றையும் சக்கரத்தின் சுற்றையும் ஒத்துப்போகச் செய்வதுதான் இரண்டிலும் நடக்கிறது. ஜப்பான்காரன் செய்தால் ஸ்டைல், நம் லாரிக்காரர் செய்தால் பிழைப்பு.

தண்ணீர் கோப்பை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் தொடரின் அழகும் பொய்யும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தோஃபு உடையக் கூடாது என்பதற்காக அப்பா புன்டா ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றி வண்டியில் வைத்துவிடுவார், சிந்தாமல் ஓட்ட வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது தண்ணீரின் மேல்மட்டம் சாயும். எவ்வளவு சாயும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் பாதி என்றால், 7 சென்டிமீட்டர் அகலக் கோப்பையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஏறும். புவியீர்ப்பில் 80 சதவீதம், அதாவது நல்ல டயரின் எல்லைக்குப் பக்கத்தில் போனால், 2.8 சென்டிமீட்டர். ஆகவே விளிம்பு வரை நிரம்பிய கோப்பை என்றால் எந்தக் கொம்பன் ஓட்டினாலும் சிந்தும், அதில் சந்தேகமே இல்லை. மேலே மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு ஊற்றினால்? வேகமாகவே திரும்பலாம், சிந்தாது. ஒரே நிபந்தனை, அந்த விசை திடுமென்று வராமல் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்க வேண்டும். ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால், பிரேக்கைக் குத்தினால், தண்ணீர் அலையடித்துத் தெறித்துவிடும். அந்தக் கோப்பை வேகத்தை அளக்கவில்லை, ஓட்டுகிறவரின் குலுக்கலை அளக்கிறது. புன்டா மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது மெதுவாகப் போக அல்ல, வழுவழுப்பாகப் போக. டிரைவிங் ஸ்கூலில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. உங்கள் கிரேடில் அடியில் இருக்கும் தக்காளி நசுங்காமல் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள், அதே பாடம்தான்.

இனி சந்தேகத்துக்குரியவை. டிரிஃப்ட் அடித்துப் போனால்தான் வேகம் என்ற எண்ணம் இந்தத் தொடரால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. காய்ந்த தார்ச் சாலையில் அது பொதுவாகத் தப்பு. டயர் கொஞ்சமாக, சில டிகிரி அளவு, நழுவும்போதுதான் அதன் பிடி உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டி வண்டி குறுக்கே போனால் பிடி குறையும், வேகம் புகையாகப் போகும். டிரிஃப்ட் போட்டிகளில் மதிப்பெண் போடுவதே கோணத்துக்கும் அழகுக்கும்தான், கடிகாரத்துக்கு அல்ல. மண் சாலையிலும் பனியிலும் கணக்கு மாறும். ரொம்பக் குறுகலான கொண்டை ஊசி வளைவில், தாரிலேயேகூட, வண்டியின் மூக்கைச் சட்டென்று திருப்பப் பின்பக்கத்தை வீசுவது லாபம் என்று ராலி ஓட்டுகிறவர்கள் ஹேண்ட்பிரேக் போடுவதைப் பார்த்திருக்கலாம். ஆகவே தக்குமியின் 86 மாதிரி மெல்லிய டயர் போட்ட லேசான வண்டி வளைவுக்குள் சிறிதாக நழுவுவதை நான் நம்புகிறேன். நீளமாகக் குறுக்கே போய்க்கொண்டே எதிராளியை முந்துவதை நம்பவில்லை.

அதேபோல அந்தச் சாக்கடை வித்தை. ஐந்து கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில், உள்பக்கச் சக்கரத்தைச் சாலையோரக் கான்கிரீட் வடிகாலில் இறக்கி, அதன் விளிம்பைப் பிடிமானமாக்கி, டயர் தாங்குவதைவிட வேகமாகத் தக்குமி திரும்புகிறான். பக்கத்திலிருந்து தாங்கல் கிடைத்தால் வண்டி அதிக வேகம் தாங்கும் என்ற தத்துவம் சரி. ஆனால் அந்த விசை முழுக்க டயரின் பக்கச்சுவர், ரிம், சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்ம் மேல் இறங்கும். ஒரு தடவை சரியாக விழுந்தால் சரி, தினமும் செய்கிற வண்டி என் ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கும். நம் மலைச் சாலைகளில் ஓரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தார் உடைந்து, அரை அடி பள்ளம், அதற்கு அப்புறம் ஜல்லி, அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை.

குறைகளுக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் கிராபிக்ஸைக் குறை சொல்வார்கள். 1998-இல் ஆட்களைக் கையால் வரைந்து, வண்டிகளைக் கம்ப்யூட்டரில் செய்து ஒட்டியதால் வண்டிகள் பொம்மை மாதிரி இருக்கும், மனிதர்கள் வேறு உலகத்தில் இருப்பார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இத்தாலியக்காரர்கள் போட்ட அந்த யூரோபீட் என்கிற வேகமான டான்ஸ் பாட்டு தொடங்கினவுடன் கண் பழகிவிடும். அப்புறம் வந்த பாகங்களில் வண்டிகள் பளபளவென்று ஆயின, பதற்றம்தான் குறைந்துபோனது.

மனிதர்கள் விஷயம் அப்படி இல்லை. வண்டியை விட்டு இறங்கினால் இந்தத் தொடரில் யாருக்கும் பேச ஒன்றும் இல்லை. வளைவில் இருக்கும்போது ஒருவன் என்ன நினைக்கிறான் என்று பக்கம் பக்கமாக வருகிறது. அதே ஆள் வீட்டில் என்ன சாப்பிட்டான், எதற்காகக் கவலைப்பட்டான் என்றால் காலி. தக்குமிக்குப் பிடித்த பெண் நட்சுக்கி ஒரு வயதான பணக்காரரோடு காசுக்காகப் போய்வருகிறாள் என்ற கிளைக்கதை இருக்கிறதே, அது உண்மையில் கனமான விஷயம். அதை இவர்கள் நாயகனுக்குக் கோபம் வரவைக்கிற பட்டனாக மட்டும் பயன்படுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அவள் பக்கத்திலிருந்து ஒருமுறைகூட ஒழுங்காகக் கேட்கவில்லை. உஸுயி கணவாயில் வரும் மாக்கோ நிஜமாகவே நல்ல ஓட்டுநர், அவளையும் கடைசியில் தக்குமியோடு பங்க்கில் வேலை செய்கிற இக்கெத்தானியின் காதல் சோகத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து, ‘அவன் அதைச் செய்துவிட்டானா’ என்று விளக்குவதற்கென்றே பாதிப் பாத்திரங்கள். கிரிக்கெட் வர்ணனைகூட இவ்வளவு பேசாது.

ஆனால் என் தொழில் பக்கமிருந்து பார்த்தால் பெரிய பொய் வேறு. வண்டியைப் பற்றி இவ்வளவு உண்மை பேசுகிற தொடர், சாலையைப் பற்றிப் பொய் சொல்கிறது. எதிரே யாரும் வருவதில்லை. பெரிய போட்டிகளில் வளைவுக்கு வளைவு ஆள் நின்று வாக்கி டாக்கியில் சேதி சொல்கிறார்கள், அது சரி. தினசரி தோஃபு ஓட்டத்தில் யார் சொன்னார்கள்? அந்த மலையில் பால்காரர் இல்லையா, நடந்துபோகிற கிழவி இல்லையா, மாடு இல்லையா? போலீஸ் கண்ணிலேயே படுவதில்லை. டயர் சூடேறித் தோற்பது பெரும்பாலும் எதிராளிதான். தக்குமி கணக்கு வழக்கில்லாமல் டயரைத் தேய்க்கிறான், அந்த டயர் காசை ஒரு தோஃபு கடை எப்படிக் கொடுக்கிறது என்று கடைசிவரை யாரும் கேட்பதில்லை. நிஜ ஹருணா மலையில் என்ன நடந்தது தெரியுமா? இப்படி ஓட்டுகிறவர்கள் தொல்லை தாங்காமல் வளைவுகளில் வேகத்தடை போட்டுவிட்டார்கள்.

பிரேக் சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. டாட் 3 என்கிற சாதாரண ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கும். கொதித்தால் பைப்புக்குள் ஆவி, ஆவியை அழுத்தினால் நசுங்கும், பெடல் பொசுக்கென்று தரைக்குப் போகும். தொப்பூரில் கிருஷ்ணகிரி பக்கமிருந்து சேலத்துக்கு இறங்குகிற லாரிகளில் நடப்பது இதற்குச் சித்தப்பா பையன். அங்கே ஏர் பிரேக், ஆயில் கிடையாது. ஆனால் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி லைனிங் பிடிக்காது, திரும்பத் திரும்ப மிதித்ததில் காற்றும் இறங்கியிருக்கும். இரட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் அப்படி வந்து நின்ற ஒரு வண்டியின் டிரம்மைக் கழற்றினேன். இரும்பு நீலம் பாய்ந்திருந்தது, லைனிங் மேல்பக்கம் கண்ணாடிபோல வழவழத்துவிட்டது, அந்தத் தீய்ந்த வாடை சட்டையில் மறுநாள் வரை இருந்தது. அவர் ரேஸ் ஓட்டவில்லை, லோடோடு சாதாரணமாக இறங்கினவர்.

அதனால் வத்தல்மலை விஷயத்தில் என் பதில்: வேண்டாம். அந்த வளைவுகளில் ராத்திரி மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் பைக்கில் வருவார்கள், ஆஸ்பத்திரிக்கு அவசரமாக வண்டி இறங்கும். உங்கள் நண்பர்களில் ஒருவரை வளைவில் டார்ச்சோடு நிறுத்தினாலும் அவர்களுக்கெல்லாம் சேதி சொல்ல முடியாது. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு. முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆசை நிஜமாகவே இருந்தால் கோயம்புத்தூரில் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. காசு செலவாகும், மறுக்கவில்லை. கோ-கார்ட் என்கிற சின்ன ரேஸ் வண்டியில் தொடங்கினால் குறைவாக ஆகும், எடை எப்படிச் சாய்கிறது என்பதை உட்காரும் இடத்திலேயே உணரலாம்.

ஆம்னி ரியர் வீல் டிரைவ்தான், அதில் உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. ஆனால் ரியர் வீல் என்பதால் மட்டும் டிரிஃப்ட் வந்துவிடாது. 796 சிசி எஞ்சின், அது முன் சீட்டுக்கு அடியில். வண்டி உயரம், சக்கரங்களுக்கு இடையே அகலம் குறைவு. 86 தாழ்வாகப் படுத்த வண்டி, பிடி விட்டால் நழுவும். ஆம்னியில் நழுவுவதற்கு முன்னாலேயே உள்பக்கச் சக்கரம் தூக்கப் பார்க்கும், அதிலும் மேலே வரை கிரேடு அடுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் அது டிரிஃப்ட் ஆகாது, கவிழும்.

இரண்டாம் பாகம் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாருங்கள், 13 அத்தியாயம்தான், தக்குமியின் எஞ்சின் வெடிக்கிற இடம் நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். 2004-இல் தொடங்கிய நான்காம் பாகம் வரை தாராளமாகப் போகலாம். அதற்கு அப்புறம் நேரம் இருந்தால் மட்டும். வண்டியைப் பொறுத்தவரை, லோடு அடிக்கிற ஆம்னி என்கிறீர்கள், பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். பின் டிரம்மையும் கழற்றி லைனிங் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் ஊர் மெக்கானிக்கே அரை மணியில் செய்துவிடுவார்.